கணக்கில் உச்சத்தைத் தானே காட்டும் நிறம்

(கண்ணமங்கலம் பகுதி உழவர்க்கும் கிராம உத்தியோகஸ்தர்க்கும்)

“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது” என்னும் பழமொழி நம் குடியானவர் யாவரும் அறிந்ததே. இதனைச் சாக்காகக் கொண்டு கணக்கு எழுதுவதையே கைவிட்டவர் பலர். ஆயினும், உழக்கும் மிஞ்சாத வயல் எது, நான்கு காசு மிஞ்சிய வயல் எது என்று பிரித்தறிவதற்குக் கணக்கையன்றி வேறு வழி யாது? நிலத்திற் போட்ட உழைப்பு ஒன்றே. பலன் மட்டும் வயலுக்கு வயல் வேறுபடுகின்றது. அவ்வேறுபாட்டைக் கண்டு அடுத்த பட்டத்திற்கு முடிவு செய்பவனே முன்னேறுகிறான்.

இக்காலத்தில் கணினியிலும் கைப்பேசியிலும் கணக்கெழுதுவதற்கு “விரிதாள்” என்னும் சாதனம் ஏற்பட்டிருக்கின்றது. எக்ஸெல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் என்று பல பெயர்களால் அது வழங்குகின்றது. இவற்றுள் கூகுள் ஷீட்ஸையும் லிப்ரே ஆபீஸ் கால்க்கையும் விலையின்றியே பெறலாம். விரிதாளில் எழுதிய எண்களுள் மிகப் பெரியது எதுவோ, அதனை அது தானாகவே நிறமிட்டுக் காட்டும்படி செய்துவிடலாம். இதனைச் செய்யும் முறையையும், அதனால் வரும் நன்மையையும், கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் வரும் கேட்டையும் இக்கட்டுரையில் விளக்குவோம்.

கண்ணமங்கலம் பகுதியின் நிலைமை

திருவண்ணாமலை ஜில்லாவில், ஜவ்வாது மலையின் கீழ்ப்புற அடிவாரத்தையொட்டி, வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் கண்ணமங்கலம் அமைந்துள்ளது. காட்பாடி - விழுப்புரம் ரயில் பாதையில் இவ்வூருக்கு நிலையம் உண்டு. மலையின்மேல் சாமை முதலிய சிறுதானியங்களும், அடிவாரத்தில் நெல், வேர்க்கடலை, கரும்பு முதலியனவும் பயிராகின்றன. சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று நெற்பட்டங்களும் இங்குள்ளார் அறிந்தவை. ஏரியும் கிணறுமே பாசனத்திற்கு ஆதாரம். ஆதலால் மழை குறைந்த வருஷத்தில், எந்த வயலுக்குத் தண்ணீர் விடுவது, எந்த ரகத்தை நடுவது என்னும் கேள்வி ஒரு குடும்பத்தின் வருஷ ஜீவனத்தையே நிர்ணயிப்பதாகின்றது. இத்தகைய கேள்விக்கு ஞாபகத்தை மட்டும் நம்பி விடை கூறுவது தகாது.

உச்சம் காணும் வழக்கம் புதியதன்று

பல எண்களுள் மிகப் பெரியதைக் கண்டு குறிக்கும் வழக்கம் நம் விவசாயிகளுக்குப் புதியதன்று. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நெல்லோ வேர்க்கடலையோ கொண்டு சென்றவர் இதனைக் கண்ணாரக் கண்டிருப்பர். சென்னை மாகாணத்தில் 1933-ஆம் வருஷத்து வாணிபப் பயிர்கள் மார்க்கெட் சட்டத்தின் பிரகாரம் இக்கூடங்கள் தோன்றலாயின. முதற்கூடம் 1936-இல் திருப்பூரில் ஏற்பட்டது. அங்கு மறைமுக ஏல முறையில், ஒவ்வொரு குவியலுக்கும் வியாபாரிகள் தத்தம் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியிலிடுவர். குறித்த நேரத்தில் பெட்டியைத் திறந்து, குவியலுக்கொரு வரியாக விலைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு வரியிலும் உயர்ந்த விலையைக் குறித்து அறிவிப்பர். அவ்விலை தமக்கு ஒவ்வாவிடில் விற்பனையை மறுக்கவும் விவசாயிக்கு உரிமையுண்டு.

2016-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி தொடங்கப்பெற்ற தேசிய மின்னணு வேளாண் சந்தையில், வியாபாரிகள் கணினி மூலமாகவே விலை கூறுகின்றனர். உயர்ந்த விலையைக் கணினியே பொறுக்கி எடுக்கின்றது. அங்குக் கணினி செய்யும் அவ்வேலையையே நம் வீட்டுக் கணக்கிலும் செய்துகொள்ளலாம். பழைய கணக்கர் சிவப்பு மையாற் செய்ததை இப்போது நிறமிட்ட கட்டம் செய்கின்றது. ஆனால் சிவப்பு மை ஒரு முறை இட்டால் மாறாது. விரிதாளின் நிறமோ, புதிதாகப் பெரிய எண் ஒன்று எழுதப்பட்டவுடன் பழைய கட்டத்தை விட்டு நீங்கிப் புதிய கட்டத்திற் சென்று அமரும்.

செய்யும் முறை

விரிதாள் என்பது கட்டங்களாகப் பிரித்த ஒரு பெரிய தாளே. அடங்கலில் “கலம்” என்று வழங்கும் செங்குத்துப் பகுதிக்கு ஆங்கில எழுத்தும், கிடை வரிக்கு எண்ணும் அடையாளமாக இருக்கும். இரண்டாவது கலத்தின் இரண்டாவது வரியிலுள்ள கட்டம் “பி2” எனப்படும்.

முதல் வரியில் தலைப்புகளை எழுதுக: வயலின் பெயர், பரப்பு (சென்ட்), மகசூல் (கிலோ), செலவு (ரூபாய்). அளவையின் பெயரைத் தலைப்பில் மட்டும் எழுத வேண்டும். கட்டத்தினுள் எண்ணைத் தவிர வேறொன்றும் கூடாது. “1500 கிலோ” என்று கட்டத்தில் எழுதினால் விரிதாள் அதனை எண்ணாகக் கொள்ளாது, வெறும் சொல்லாகவே கொள்ளும். உச்சத்தைத் தேடும்போது அதனைத் தாண்டிச் சென்றுவிடும். எண்ணாக ஏற்ற கட்டத்தில் எழுத்து வலப்புறம் ஒட்டியும், சொல்லாக ஏற்ற கட்டத்தில் இடப்புறம் ஒட்டியும் நிற்பது சாதாரண வழக்கம். இதனைக் கொண்டு பிழையை எளிதிற் கண்டுகொள்ளலாம்.

எக்ஸெலில்: எண்கள் உள்ள கட்டங்களை மட்டும், தலைப்பை விட்டு, தேர்ந்தெடுக்கவும். மேலே “ஹோம்” என்னும் பகுதியில் “கன்டிஷனல் ஃபார்மட்டிங்” என்பதைத் தொடவும். அதனுள் “டாப் பாட்டம் ரூல்ஸ்”, அதனுள் “டாப் 10 ஐட்டம்ஸ்” என்பதைத் தேர்க. வரும் சிறு பெட்டியில் 10 என்றிருப்பதை அழித்து 1 என்று எழுதி, வேண்டிய நிறத்தைத் தேர்ந்து, “ஓகே” கொடுத்தால் வேலை முடிந்தது.

கூகுள் ஷீட்ஸில்: கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, “ஃபார்மட்” என்பதினுள் “கன்டிஷனல் ஃபார்மட்டிங்” என்பதைத் தொட்டு, நிபந்தனைகளின் பட்டியலில் கடைசியாக உள்ள “கஸ்டம் ஃபார்முலா இஸ்” என்பதைத் தேர்க. கணக்கு பி2 முதல் பி13 வரை இருக்குமாயின், அங்கே ஆங்கில எழுத்துக்களில் பின்வருமாறு எழுத வேண்டும்:

=பி2=மேக்ஸ்($பி$2:$பி$13)

“மேக்ஸ்” என்பது உச்ச எண்ணைக் கண்டுசொல்லும் கட்டளை. “இக்கட்டத்திலுள்ள எண், இத்தொகுதியின் உச்ச எண்ணுக்குச் சமமாயிருந்தால் நிறமிடு” என்பதே மேற்கண்ட வாசகத்தின் பொருள். டாலர் குறி மாட்டைக் கட்டும் முளை போன்றது. எழுத்தின் முன் இட்டால் கலம் நகராது. எண்ணின் முன் இட்டால் வரி நகராது. முளை அடிக்க மறந்தால், விரிதாள் ஒவ்வொரு கட்டத்திற்கும் தொகுதியை ஒவ்வொரு வரி கீழே தள்ளிக்கொண்டு போய், உச்சமல்லாத எண்களுக்கும் நிறமிட்டுவிடும். இவ்வாசகத்தை எக்ஸெலிலும், “நியூ ரூல்” என்பதில் வாசகம் எழுதும் வகையைத் தேர்ந்து, அப்படியே பயன்படுத்தலாம்.

ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி உச்சம்

ஒரு வரிக்கு ஒரு குவியல், ஒரு கலத்திற்கு ஒரு வியாபாரி என்று விலைகளை எழுதினால், குவியல்தோறும் உயர்ந்த விலை வேண்டும். முன் கூறிய “டாப்” முறையை அட்டவணை முழுவதற்கும் போட்டால், மொத்தத்தில் ஒரே விலைதான் நிறம் பெறும். ஆகையால் எழுத்துக்கு மட்டும் முளையடித்து, வரி எண்ணை அவிழ்த்துவிட வேண்டும்:

=பி2=மேக்ஸ்($பி2:$எஃப்2)

இதனால் ஒவ்வொரு வரியும் தனித்தனியே ஆராயப்படும். இருவர் ஒரே உயர்ந்த விலை எழுதியிருந்தால் இரு கட்டங்களும் நிறம் பெறும், அது பிழையன்று. விலையே எழுதப்படாத வரி முழுவதும் நிறம் பெற்றாலும் அஞ்ச வேண்டுவதில்லை. வெற்றுக் கட்டத்தை விரிதாள் பூஜ்யமாகக் கொள்வதால் அவ்வாறு நேர்கின்றது. எண் எழுதியவுடன் நீங்கிவிடும்.

எந்தக் கலத்திற்கு நிறமிடுவது?

இதுவே இக்கட்டுரையின் முக்கியமான பகுதி. உச்சத்தைக் காட்டு என்றால் விரிதாள் காட்டும். எதன் உச்சத்தைக் காட்டுவது என்பதை நிலத்துக்குரியவரே தீர்மானிக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் கவனிப்போம். இவ்வெண்கள் விளக்கத்தின் பொருட்டு நாம் வைத்துக்கொண்டவையே.

ஒரு குடியானவருக்கு இரண்டு வயல்கள். ஏரிக்கரை வயல் 60 சென்ட். அதில் கோ 51 நட்டு, 75 கிலோ மூட்டையாக 20 மூட்டை கண்டார். கிணற்றடி வயல் 1 ஏக்கர் 10 சென்ட், அதில் பி.பி.டி. 5204 நட்டு 33 மூட்டை கண்டார். மூட்டைக் கலத்தில் நிறமிட்டால் கிணற்றடி வயலே உச்சம். ஏக்கர் கணக்கில் பார்ப்போம். முன்னதில் மொத்தம் 1,500 கிலோ, அதாவது ஏக்கருக்கு 2,500 கிலோ; பின்னதில் மொத்தம் 2,475 கிலோ, அதாவது ஏக்கருக்கு 2,250 கிலோ. நிறம் இப்போது ஏரிக்கரைக்கு மாறிவிட்டது.

அடுத்து விலையையும் செலவையும் சேர்ப்போம். கோ 51 கிலோ 20 ரூபாய்க்கும், சன்ன ரகமான பி.பி.டி. 22 ரூபாய்க்கும் விலைபோயின. ஏக்கர் வரவு முறையே 50,000 ரூபாயும் 49,500 ரூபாயும். ஏக்கர் செலவு முறையே 31,000 ரூபாயும் 27,500 ரூபாயும். மிச்சம் முறையே 19,000 ரூபாயும் 22,000 ரூபாயும். நிறம் மறுபடியும் கிணற்றடிக்கு வந்துவிட்டது.

இத்துடன் முடியவில்லை. கோ 51-க்கு ஏறக்குறைய 105 நாள், பி.பி.டி.க்கு ஏறக்குறைய 150 நாள். நாளொன்றுக்கு மிச்சம் முன்னதில் சுமார் 181 ரூபாய். பின்னதில் சுமார் 147 ரூபாய். நிறம் இன்னொரு முறையும் ஏரிக்கரைக்குத் தாவியது.

ஆக, ஒரே கணக்கில் நான்கு கலங்களுக்கு நிறமிட்டதில், உச்சம் மூன்று முறை கைமாறிற்று. இவற்றுள் எது உண்மை? நான்கும் உண்மையே, கேள்விதான் வெவ்வேறு. நிலம் குறைவாகவும் தண்ணீர் தாராளமாகவும் உள்ளவர் ஏக்கர் மிச்சத்தைப் பார்க்கட்டும். கிணற்றுநீர் நாட்கணக்கில் எண்ணிச் செலவிடப்படும் அடிவாரக் கிராமங்களில், நாளொன்றுக்கு மிச்சம் எவ்வளவு என்பதே பொருத்தமான கேள்வி. மூட்டைக் கணக்கு மட்டும் திண்ணைப் பேச்சுக்கு உதவுமேயன்றிச் சாகுபடிக்கு உதவாது. மேலும், ஒரு பட்டத்து உச்சத்தைக் கண்டு உடனே எல்லா வயலையும் மாற்றிவிடலாகாது. மூன்று பட்டமாவது அதே ரகம் அதே வயலில் நிறம் பெற்றதா என்று பார்த்து முடிவு செய்வதே விவேகம்.

அளவையில் எச்சரிக்கை

விலையை ஒப்பிடுவதிலும் இத்தகைய மயக்கம் உண்டு. ஓரிடத்தில் 75 கிலோ மூட்டைக்கு 1,650 ரூபாய். மற்றோரிடத்தில் 80 கிலோ மூட்டைக்கு 1,720 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே எழுதினால் 1,720 நிறம் பெறும். குவிண்டாலுக்கு மாற்றிப் பார்த்தால் முன்னது 2,200 ரூபாய். பின்னது 2,150 ரூபாய். பெரிய எண் சிறிய விலையாயிற்று! நேரடிக் கொள்முதல் நிலையத்திலோ 40 கிலோச் சிப்பம். ஆதலால் எல்லாவற்றையும் குவிண்டாலுக்கு மாற்றி, ஆரணி, போளூர், சேத்துப்பட்டு என எங்குக் கொண்டுசெல்வதாயினும் வண்டிக்கூலியையும் கழித்து, மிஞ்சும் விலைக்கே நிறமிட வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர் கவனிக்க வேண்டியது

கர்ணம், மணியம் முதலிய பழைய பதவிகள் 1980-இல் நீக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் பதவி ஏற்பட்ட பின்னும், கிராமக் கணக்கின் முக்கியத்துவம் குறையவில்லை. சிறப்பாக, அறுவடைச் சோதனையின் எண்களைப் பொறுத்து ஒரு கிராமத்தாரின் இழப்பீடே நிர்ணயமாகின்றது.

முற்காலத்தில் அதிகாரிகள் தம் கண்ணுக்குச் சராசரி எனத் தோன்றிய வயலை அறுத்து மகசூலை மதிப்பிட்டு வந்தனர். ஹப்பாக் என்னும் அதிகாரி பீகார், ஒரிஸ்ஸா பகுதிகளில் நெல் வயல்களைக் குலுக்கல் முறையிற் பொறுக்கிச் சோதித்து, 1927-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். பின்னர் 1940-களில் சுகாத்மே, பான்ஸே ஆகிய அறிஞர்கள் இந்திய விவசாய ஆராய்ச்சிக் கௌன்சிலின் மூலமாக இம்முறையை நாடெங்கும் பரப்பினர். நல்ல விளைச்சலுள்ள மூலையையோ, சாவியாய்ப் போன மூலையையோ மனிதன் தன் விருப்பப்படி பொறுக்கலாகாது என்பதே அதன் அடிப்படை.

2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், முந்திய 7 வருஷங்களுள் மகசூல் மிகுந்த 5 வருஷங்களின் சராசரியைக் கொண்டு உத்தரவாத மகசூல் கணக்கிடப்படுகின்றது. (“டாப்” முறையில் 1-க்குப் பதில் 5 என்று எழுதினால் அவ்வைந்து வருஷங்களும் நிறம் பெறும்.) உண்மை மகசூல் அதனினும் எவ்வளவு குறைந்ததோ, அவ்விகிதத்தில் இழப்பீடு. சமீப வருஷங்களில் நெல்லுக்குச் செயற்கைக்கோள் வழி மதிப்பீட்டுக்கும் ஒரு பங்கு தரப்படுகின்றது. விளக்கம் எளிதாகும் பொருட்டு அதனை இங்கு விட்டுவிடுவோம்.

ஒரு கிராமத்தில், 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளவுள்ள நான்கு சோதனைத் துண்டுகளில், காய்ந்த நெல் முறையே 11.2, 10.4, 9.8, 10.6 கிலோ கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 10.5 கிலோ, ஹெக்டேருக்கு 4,200 கிலோ. எழுதும்போது கை தவறி 10.6 என்பது 16.6 ஆகிவிட்டால், சராசரி 12 கிலோ; ஹெக்டேருக்கு 4,800 கிலோ. உத்தரவாத மகசூல் 5,000 கிலோ எனில், உண்மையில் 16 சதவிகிதமாயிருக்க வேண்டிய இழப்பு 4 சதவிகிதமாகச் சுருங்கிவிடும். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 30,000 ரூபாய் என்று கொண்டால், 4,800 ரூபாய் பெற வேண்டியவர் 1,200 ரூபாயே பெறுவார். கிராமத்தில் 200 ஏக்கர் காப்பீடு செய்யப்பட்டிருந்தால், ஓர் எண்ணின் பிழையால் 7,20,000 ரூபாய் நஷ்டம். இதில் எவருடைய வஞ்சகமும் இல்லை. பூஜ்யம் ஆறாயிற்று, அவ்வளவே.

இத்தகைய பிழையைக் காட்டிக்கொடுப்பதில் நிறமிட்ட கட்டத்திற்கு இணையில்லை. சோதனை எண்களைச் செயலியில் ஏற்றுவதற்கு முன், விரிதாளில் எழுதி உச்சத்திற்கு நிறமிட்டால், 16.6 உடனே கண்ணிற் படும். படிவத்தை எடுத்து ஒத்துப்பார்க்கவும், வயலுக்குரியவரைக் கேட்கவும் அப்போது சமயமுண்டு. இழப்பீடு அறிவித்த பின் இல்லை. இதே வாசகத்தில் “மேக்ஸ்” என்பதற்குப் பதில் “மின்” என்று எழுதி மிகச் சிறிய எண்ணுக்கு வேறு நிறமிட்டால், மறுபுறத்துப் பிழையும் வெளிப்படும்.

ஒன்று மட்டும் உறுதியாய் நினைவில் இருக்க வேண்டும். நிறம் பெற்ற எண்ணைச் சரிபார்க்கலாமேயன்றி, பெரியதாயிருக்கின்றது என்னும் ஒரே காரணத்தால் அழிக்கலாகாது. 16.6 கிலோ உண்மையாகவே விளைந்திருக்குமாயின் அது கணக்கில் நிற்க வேண்டியதே. படிவம் சொல்வதே பிரமாணம். நிறம் நம்மைப் படிவத்தினிடம் அனுப்பும் சேவகன் மட்டுமே.

சுருக்கமாக

1. அளவை தலைப்பில், எண் மட்டும் கட்டத்தில்.

2. மூட்டை, சென்ட் முதலியவற்றை ஒரே அளவைக்கு மாற்றிய பின்பே ஒப்பிடுக.

3. புதிய வரிகள் கீழே சேரும்போது, நிறமிடும் தொகுதி அவற்றையும் உள்ளடக்கியிருக்கின்றதா என்று பார்க்கவும். தொகுதி 13-ஆம் வரியோடு முடிந்தால், 14-ஆம் வரியில் எழுதிய மகசூல் எவ்வளவு உயர்ந்ததாயினும் நிறம் பெறாது.

4. மொத்த வரவுக்கன்று, மிச்சத்துக்கே நிறமிடுக.

5. நிறம் பெற்ற ஒவ்வோர் எண்ணையும் மூலக் குறிப்போடு ஒருமுறை ஒத்துப்பார்க்கவும்.

கணினி இல்லாதோர் வருந்த வேண்டுவதில்லை. கோடிட்ட நோட்டுப் புத்தகமும் ஒரு சிவப்புப் பென்சிலும் இதே வேலையைச் செய்யும். சற்று நேரம் கூடுதலாகும், அவ்வளவே. வீட்டிற் படிக்கும் பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்து, ஒரு மாலைப் பொழுதில் இக்கட்டுரையைப் பார்த்து அட்டவணை போடச் சொன்னால், அவர்களுக்கும் நிலத்தின் வரவு செலவு விளங்கும். வருகிற பட்டத்து விதைப்புக்கு முன், கழிந்த பட்டத்தின் எண்களை நம் உழவர் பெருமக்கள் இவ்விதம் எழுதி ஆராய்ந்து, உழக்கு மிஞ்சும் வழியைக் கண்டு பயனடைவார்களாக.